குழந்தை தூங்கும் அறையில் சிஎஃப்எல் பல்பு உடைந்தது, தெரியாமல் வாக்குவம் போட்டுவிட்டேன்

தூக்கம்_போச்சு
எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு ஃபியூஸ் போன சிஎஃப்எல் பல்பைக் கழற்றும்போது கையிலேயே உடைந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பிடிக்காமல் சுருள் கண்ணாடியைப் பிடித்துத் திருகினேன், படக்கென்று முறிந்து கட்டிலுக்குப் பக்கத்துக் கம்பளத்தில் கொட்டியது. நல்லவேளை, பையன் (இரண்டு வயது) அப்போது அறையில் இல்லை. கண்ணாடிதானே என்று பெரிய துண்டுகளைக் கையால் பொறுக்கினேன், பொடிசுகளை வாக்குவம் கிளீனரால் இழுத்தேன், பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது என்று பெருமை வேறு. அப்புறம் புதுப் பல்பின் அட்டையைப் படித்தபோதுதான் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் கவனம் என்று போட்டிருந்தது கண்ணில் பட்டது. அதிலிருந்து நெஞ்சு படபடப்பு. மூன்று பேரும் கூடத்தில் படுத்தோம், எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த அறையை இனி பயன்படுத்தலாமா? வாக்குவம் கிளீனரைத் தூக்கிப் போட வேண்டுமா? போர்வையின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது, துவைத்தால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_இருங்கப்பா
சகோ, நாங்கள் எல்லாம் பள்ளி ஆய்வகத்தில் பாதரசத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டி விளையாடியவர்கள். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், போய்த் தூங்குங்கள்.

நிலாமுற்றம்
மேலே இருப்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள். பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. ஜப்பானின் மினமாட்டாவில் என்ன நடந்தது என்று தெரியுமா? சின்னக் குழந்தை இருக்கும் வீடு. அந்தக் கம்பளம், போர்வை எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள், அறையைப் பூட்டி வையுங்கள்.

வேதிவாத்தியார்
ஐயோ, எரிக்க வேண்டாம்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சூடுபட்டால் பாதரசம் வேகமாக ஆவியாகும், நம் கவலையே அந்த ஆவிதான். இப்போது பொடியில் ஒட்டிக்கிடப்பதை நெருப்பு வைத்துக் கிளப்பி மூச்சில் இழுக்கச் சொல்கிறீர்கள்.

இருபது வருடமாக வேதியியல் சொல்லித் தருகிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சிஎஃப்எல் பல்பில் இருப்பது பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்குள்தான், பிற்காலத்தில் வந்தவற்றில் 1 முதல் 3 வரை. காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானியில் இருந்தது சுமார் 500 மில்லிகிராம், அதாவது நூறு பல்புக்கு மேல். பல்பில் இருக்கும் அந்தக் கொஞ்சமும் முழுக்க ஆவியாக இருப்பதில்லை. எந்த நேரத்திலும் அதில் சிறு பங்கே ஆவி நிலையில் இருக்கும். மிச்சம் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகவோ, வேறொரு உலோகத்தோடு கலந்த சின்னக் குண்டாகவோ, கண்ணாடியின் உள்பக்கம் பூசிய வெள்ளைப் பொடியில் ஒட்டியோ கிடக்கும். ஓடித் தேய்ந்த பல்பு என்றால் பெரும்பகுதி அந்தப் பொடியில்தான். அதனால் பல்பு உடைந்ததும் ‘புஸ்’ என்று எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதலில் கொஞ்சம் வரும், அப்புறம் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில், பொடியிலிருந்து மெல்ல மெல்லக் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆகவே பொடியை எவ்வளவு சீக்கிரம் வீட்டை விட்டு வெளியேற்றுகிறோம் என்பதுதான் முழு விஷயமும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மூக்கை நம்பிப் பயனில்லை.

உள்ளங்கையில் உருட்டிய நண்பருக்கு: தோல் வழியாக மிகக் குறைவாகத்தான் ஏறும். விழுங்கினால்கூட அநேகமாக அப்படியே வெளியே போய்விடும். மூச்சில் இழுத்தால் கதை வேறு, இழுத்த ஆவியில் 80 சதவீதம் போல உடம்பில் தங்கும். நீங்கள் நன்றாக இருப்பது மகிழ்ச்சி, ஆனால் அந்த ஆய்வகத்தின் தரை இடுக்குகள் எத்தனை வருடம் அந்த ஆவியை விட்டுக்கொண்டிருந்தன என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

மினமாட்டா வேறு சங்கதி. அது மெத்தில் பாதரசம். ரசாயன ஆலைக் கழிவு கடலில் கலந்து, மீனில் ஏறி, மீனைத் தின்றவர்களுக்குப் போனது. பல்பில் இருப்பது தனிம நிலைப் பாதரசம். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

தூக்கம்_போச்சு, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: அந்த அறையின் ஜன்னலைத் திறந்து கதவைச் சாத்துங்கள். ஏசி எல்லா அறைக்கும் சேர்த்து ஓடும் வகையாக இருந்தால் அணைத்துவிடுங்கள். பையன் அந்தப் பக்கம் போக வேண்டாம். வாக்குவத்தைத் தொடாதீர்கள், அதை வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பொறுக்கிய கண்ணாடித் துண்டுகள் எங்கே இருக்கின்றன? அதைச் சொல்லுங்கள்.

தூக்கம்_போச்சு
ஐயா, மிக்க நன்றி. துண்டுகள் சமையலறைக் குப்பைக்கூடையில்தான் இருந்தன. உங்கள் பதிவைப் பார்த்ததும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். ஏசி அந்த அறைக்கு மட்டும் தனி, நேற்று போடவில்லை. வாக்குவம்தான் போட்டது போட்டாயிற்று. அது ஏன் இவ்வளவு பெரிய தப்பு என்று புரியவில்லை, குப்பையை உள்ளேதானே இழுக்கிறது?

வேதிவாத்தியார்
குப்பையை உள்ளே இழுக்கும், காற்றைப் பின்பக்கம் வெளியே தள்ளும். தூசியைப் பிடிக்கும் வடிகட்டியால் ஆவியைப் பிடிக்க முடியாது. மோட்டாரின் வெதுவெதுப்பான காற்று அந்தப் பொடியின் ஊடாகப் போய்ப் போய் ஆவியை அறை முழுக்கத் தூவும். அப்புறம் பையும் குழாயும் பிரஷும் கறைபட்டுவிடும், அடுத்த முறை கூடத்தில் ஓட்டினால் அங்கேயும் கொஞ்சம். துடைப்பத்துக்கும் இதே கதைதான், பொடியைக் கிளப்பும், தானும் கறைபடும். சரியான முறை ரொம்பச் சாதாரணம். கொஞ்சம் கெட்டியான அட்டை இரண்டு எடுத்து, ஒன்றால் தள்ளி மற்றொன்றில் அள்ள வேண்டும். ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி டேப்பை விரலில் சுற்றி ஒற்றி ஒற்றி எடுத்தால் பொடியும் பொடித்துண்டும் வந்துவிடும். வழவழப்பான தரை என்றால் கடைசியில் ஈரக் காகிதத்தால் துடைக்கலாம். அட்டை, டேப், காகிதம் எல்லாமே அந்தக் கண்ணாடியோடு சேர்ந்து போக வேண்டும்.

போர்வையைத் துவைக்காதீர்கள். பொடி நேராக விழுந்த துணி துவைக்கும் இயந்திரத்தையும் கெடுக்கும், சாக்கடைக்கும் போகும். பிரியப்பட்ட போர்வையாக இருந்தாலும் கழித்துவிடுங்கள். அறையில் சும்மா தொங்கிய சட்டை, திரைச்சீலை இவற்றையெல்லாம் வழக்கம்போலத் துவைக்கலாம்.

கணக்குப்பிள்ளை
பயத்தை எண்ணில் பார்ப்போமே. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி, மொத்தம் சுமார் 28 கனமீட்டர். பல்பில் 4 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு, முழுவதும் ஒரே நொடியில் ஆவியாகிறது, ஜன்னலும் மூடிக் கிடக்கிறது என்று மோசமாகவே கற்பனை செய்தால் ஒரு கனமீட்டர் காற்றில் 140 மைக்ரோகிராம் போல வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு அரைக் கனமீட்டர் காற்றை இழுப்பார், 70 மைக்ரோகிராம் உள்ளே போகும். இப்போது தொழிற்சாலைக் கணக்கு. 8 மணி நேர வேலைக்கு ஒரு கனமீட்டருக்கு 25 மைக்ரோகிராம் வரை போகலாம் என்று பரிந்துரை இருக்கிறது. வேலை செய்பவர் ஒரு நாளில் 10 கனமீட்டர் இழுத்தால் 250 மைக்ரோகிராம், அதுவும் தினம் தினம், வருடக்கணக்காக. ஆக, நடக்கவே நடக்காத மோசமான கற்பனையிலும் ஒரு மணி நேரம் இருந்தால் அதில் கால் பங்குதான். பத்து நிமிடம் இருந்தவர் எதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

நிலாமுற்றம்
எரிக்கச் சொன்னது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப்பிள்ளை, உங்கள் கணக்கில் குழந்தை எங்கே? அந்த 25 ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வைத்த வரம்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் காற்றுத்தர வழிகாட்டி வருடச் சராசரிக்கு 1 மைக்ரோகிராம்தான் சொல்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை அந்தக் கம்பளத்திலேயே தவழும், உருளும், கையை வாயில் வைக்கும், அங்கேயே பத்து மணி நேரம் தூங்கும். எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கும். மூளை வளரும் வயசு. கர்ப்பிணிகளுக்கும் இதே கவலைதான். ஒரு மணி நேரக் கணக்கைப் போட்டுவிட்டு முடிந்தது என்று சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை
நியாயம். வருடச் சராசரியை ஒரு நாள் அளவோடு ஒப்பிடக் கூடாது என்று எழுத வாய் வந்தது, ஆனால் கம்பளம் விட்டுக்கொண்டே இருந்தால் அது ஒரு நாள் விஷயம் இல்லைதான். பெரியவர்களுக்கு மட்டும் என்று என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன்.

வேதிவாத்தியார்
இருவரும் பாதிப் பாதி சரி. இதை உண்மையாகவே உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2008-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஓர் அறையில் பல்புகளை வேண்டுமென்றே உடைத்து, விதவிதமாகச் சுத்தம் செய்து, காற்றை அளந்தார்கள். அவர்கள் வைத்திருந்த வழிகாட்டி அளவு கனமீட்டருக்கு 0.3 மைக்ரோகிராம். உடைத்தவுடன் சில நேரம் 25, 50, ஏன் 100 மைக்ரோகிராமைக்கூடக் கொஞ்ச நேரம் தொட்டிருக்கிறது. காற்றோட்டம் கொடுத்ததும் மளமளவென்று இறங்கியது. அதனால்தான் முதல் வேலையாக எல்லோரும் வெளியேறி 5, 10 நிமிடம் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்கிறார்கள், சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.

இன்னொன்றும் கண்டார்கள், உங்களுக்கு அதுதான் முக்கியம். கம்பளம் பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும், பிறகு ஒரு நாள் அதைத் தேய்க்கும்போது, வாக்குவம் போடும்போது, தரையை ஒட்டிய காற்றில் அளவு மறுபடி ஏறியது. பிள்ளைகள் மூச்சு விடும் உயரம் அது. எனவே கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் அந்த இடத்துக் கம்பளத்தை எடுத்துவிடுவதைப் பற்றி யோசிக்கச் சொன்னார்கள்.

என் கருத்து: சின்ன விரிப்பாக இருந்தால் யோசிக்காமல் சுருட்டி வெளியே எடுத்துவிடுங்கள். அறை முழுக்க ஒட்டியது என்றால் விழுந்த இடத்தை டேப்பால் பல முறை ஒற்றி எடுங்கள், அடுத்த சில வாரங்கள் சுத்தம் செய்யும்போதெல்லாம் ஜன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும்.

தூக்கம்_போச்சு
சின்ன விரிப்புதான் ஐயா, கட்டிலடி விரிப்பு. இப்போதே சுருட்டி வெளியே வைத்துவிட்டேன். விரிப்புக்குக் கீழே தரை ஓடு. ஓடுகளின் இடுக்கில் பொடி இருக்குமோ என்று டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன், இரண்டு இடத்தில் பளபளவென்று ஏதோ தெரிந்தது, டேப்பால் எடுத்துவிட்டேன்.

பழைய_வயர்மேன்
டார்ச்சைச் சாய்த்து அடித்தீர்களே, அதுதான் தொழில்காரன் வேலை, பாராட்டுகள் தம்பி. முப்பத்தைந்து வருடம் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

ஒன்று, இந்தப் பல்பு உடைவதில் பாதி கழற்றும்போதுதான், அதுவும் நீங்கள் செய்ததுபோல் கண்ணாடியைப் பிடித்துத் திருகித்தான். முதலில் சுவிட்சை அணை, ஆற விடு, அடியிலிருக்கும் பிளாஸ்டிக் கழுத்தைப் பிடி. ஹோல்டரில் இறுகிப்போயிருந்தால் கீழே ஒரு பழைய துணியை விரித்துவிட்டுக் கையை வை. விழுந்தாலும் துணியோடு சுருட்டி எடுத்துவிடலாம், இத்தனை பாடு இல்லை.

இரண்டு, நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் மேஸ்திரி ஒருவர், ட்யூப்லைட் உடைந்து கையைக் கிழித்தால் அந்தப் புண் ஆறவே ஆறாது, பொடியில் விஷம் இருக்கிறது என்று மிரட்டுவார். எனக்கே பல முறை கிழித்திருக்கிறது, சாதாரணப் புண்போல ஆறிவிட்டது. வாத்தியார் ஐயா, அதில் உண்மை உண்டா, சும்மா கட்டிய கதையா?

வேதிவாத்தியார்
அருமையான கேள்வி அண்ணா. கதை இல்லை, காலாவதியான உண்மை! 1940-களில் ட்யூப்லைட் பொடியில் பெரிலியம் கலந்த சேர்மம் இருந்தது. அந்தக் கண்ணாடி கிழித்தால் புண் ஆறாமல் கட்டி கட்டியாக நிற்கும். செய்த தொழிலாளிகளுக்கு நுரையீரல் நோயும் வந்தது. 1949 வாக்கில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் பெரிலியத்தை விட்டுவிட்டார்கள். அதற்குப் பின் வந்த பொடியில் அது கிடையாது, இந்தக் காலத்து சிஎஃப்எல்லில் யட்ரியம், யூரோப்பியம், டெர்பியம் மாதிரி அருமண் உலோகச் சேர்மங்கள். ஆனால் மேஸ்திரிகளின் வாய்வழியாக அந்த எச்சரிக்கை மட்டும் இத்தனை வருடம் கடந்து உங்கள் காதுவரை வந்திருக்கிறது பாருங்கள்! இப்போது கிழித்தால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, சில்லு உள்ளே இல்லையா என்று பார்த்தால் போதும்.

மரப்பாச்சி
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இந்த இழையைப் படித்துவிட்டு நடுங்கிப்போய் இருக்கிறேன். போன வாரம் எங்கள் வீட்டிலும் ஒரு பல்பு விழுந்து உடைந்தது, துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன். உருண்டையாக இருக்கும், மேல்மூடி பால்வெள்ளை. இதற்கும் பாதரசம் உண்டா?

பழைய_வயர்மேன்
மேல்மூடி பிளாஸ்டிக்கா, கண்ணாடியா? உள்ளே என்ன தெரிந்தது? மஞ்சள் புள்ளி வைத்த தட்டையான தகடு என்றால் எல்இடி, அதில் பாதரசமே இல்லை. உருண்டைக்கு உள்ளே இன்னொரு சுருள் கண்ணாடிக் குழாய் இருந்தால் அது சிஎஃப்எல்தான், சிலவற்றை அப்படி மூடி போட்டுத்தான் செய்தார்கள், வெளியே பார்த்தால் சாதாரண பல்பு மாதிரி இருக்கும். கம்பி சிவந்து எரியும் பழைய குண்டு பல்பிலும் பாதரசம் கிடையாது.

மரப்பாச்சி
பிளாஸ்டிக், தகடு, மஞ்சள் புள்ளிகள்!! கடவுளே, போன உயிர் வந்தது. நன்றி அண்ணா. ஒரு மணி நேரமாகத் தலைவலிக்கிற மாதிரியே இருந்தது, இப்போது இல்லை 😅

சும்மா_இருங்கப்பா
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

நிலாமுற்றம்
நீங்கள் சொன்னது இதை இல்லை.

விளக்கேற்றி
எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் ஒரு சிஎஃப்எல் உடையவில்லை, ஆனால் எரிந்துகொண்டிருக்கும்போதே அடியிலிருந்து புகை வந்து, கருகிய நாற்றம் அடித்து அணைந்தது. அந்தப் புகையில் பாதரசம் வந்திருக்குமா?

பழைய_வயர்மேன்
கண்ணாடி முழுசாக இருந்தால் வந்திருக்காது. பாதரசம் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். நாற்றம் அடித்தது அடிப்பாகத்து மின்னணுச் சர்க்யூட், கெப்பாசிட்டரோ ரெசிஸ்டரோ கருகியிருக்கும். ஆயுள் முடியும்போது சிலது இப்படித்தான் போகும். மின்சாரத்தை நிறுத்தி, ஆறியபின் கழற்றுங்கள், கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூடிய கூண்டுக்குள் மாட்டினால் சூடு தங்கி இது சீக்கிரம் நடக்கும்.

கணக்குப்பிள்ளை
பொதுவாக ஒன்று. இந்தப் பல்பைக் கொண்டுவந்தபோது, நிலக்கரி எரித்தால் அதிலிருந்தும் பாதரசம் காற்றில் போகிறது, மின்சாரம் மிச்சமாவதால் மொத்தத்தில் குறையும் என்றார்கள். நிலக்கரி மின்சாரம் அதிகமுள்ள இடத்தில் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் எல்இடி வந்தபின் அந்த வாதத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கையில் (2013-இல் கையெழுத்தானது, பெயர்க் காரணம் மேலே பேசிய அதே ஊர்) 30 வாட்டும் அதற்குக் கீழும் உள்ள வீட்டு சிஎஃப்எல்லின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025-க்குள் நிறுத்த வேண்டும் என்று 2022-இல் முடிவெடுத்தார்கள். இருந்தாலும் அலமாரியில் இரண்டு, பரணில் நான்கு என்று எல்லா வீட்டிலும் இன்னும் கிடக்கிறது. வெறும் பல்பாகப் போட்டுவைக்காமல் அட்டையோடு வையுங்கள், மேலே பாரம் வேண்டாம்.

நிலாமுற்றம்
சேர்த்ததை எதில் போட்டு வைப்பது? பிளாஸ்டிக் பை போதுமா?

வேதிவாத்தியார்
உலோக மூடி போட்ட கண்ணாடி ஜாடி நல்லது, மூடிக்குள் ரப்பர் வளையம் இருந்தால் இன்னும் நல்லது. மெய்ன் ஆய்வில் பைகளையும் சோதித்தார்கள், ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள் வைத்தாலும் ஆவி கசிந்து வெளியே வந்தது. ஜாடி இல்லையென்றால் பை பரவாயில்லை, ஆனால் அதை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அப்புறம் உங்கள் ஊர் நிர்வாகத்தைக் கேட்டு, அபாயக் கழிவோ மின்கழிவோ வாங்கும் இடத்தில் கொடுங்கள். கந்தகத் தூள் தூவு என்று யாராவது சொல்வார்கள், வேதியியல்படி கந்தகம் பாதரசத்தைப் பிடிக்கும்தான், ஆனால் மெதுவாக. இந்தச் சின்ன அளவுக்கு டேப் போதும், அந்தக் கந்தகத் தூளைத் தேய்த்து எடுப்பது தனி வேலையாகிவிடும்.

தூக்கம்_போச்சு
நிலவரம் சொல்கிறேன். கண்ணாடி, டேப், அட்டை எல்லாம் ஊறுகாய் ஜாடி ஒன்றில் போட்டு மூடி, மேலே “பாதரசம், திறக்காதே” என்று எழுதி வெளியே வைத்திருக்கிறேன். போர்வையும் விரிப்பும் தனிப் பையில். நகராட்சியில் கேட்டேன், பல்பை வாங்கிக்கொள்வார்களாம், வாரத்தில் ஒரு நாள்தானாம். விரிப்பைப் பற்றிக் கேட்டதற்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, பிறகு “கொண்டுவாருங்கள், பார்க்கலாம்” என்றார்கள். அறை ஜன்னல் காலையிலிருந்து திறந்தே இருக்கிறது. இன்னும் இரண்டு இரவு கூடத்தில்தான் படுப்போம், பயத்தால் இல்லை, மனைவி சொல்லிவிட்டார்.

மிச்சம் இருப்பது வாக்குவம் மட்டும்தான். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

வேதிவாத்தியார்
பை போடும் வகையா, டப்பா வகையா? பை என்றால் வெளியில் வைத்தே கழற்றி ஜாடிக் கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். டப்பா என்றால் வெளியில் கொட்டி, ஈரக் காகிதத்தால் உள்பக்கம் துடைத்து, அந்தக் காகிதத்தையும் சேருங்கள். வடிகட்டியையும் பிரஷையும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பிறகு பத்து, பதினைந்து நிமிடம் வெளியிலேயே வெறுமனே ஓட விடுங்கள், காற்று உங்கள் பக்கம் வராத மாதிரி நின்றுகொண்டு. தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் முதல் சில முறை ஜன்னல் திறந்துதான்.

தூக்கம்_போச்சு
டப்பா வகை ஐயா. வடிகட்டி தனியாகக் கிடைக்கிறதாம், சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் மூன்று சிஎஃப்எல் எரிந்துகொண்டிருக்கின்றன. சுவிட்சை அணைத்துவிட்டேன், ஆறட்டும். கீழே விரிக்கப் பழைய துணி தேடிக்கொண்டிருக்கிறேன்.

பழைய_வயர்மேன்
கழுத்தைப் பிடி தம்பி, கழுத்தை.